கிறிஸ்மஸ் தாத்தாவுக்கு வெத்தலைச் சுண்ணாம்பு

அரைப்பரீட்சை லீவுக்குப் பிள்ளையளக் கூட்டிக்கிட்டு ஊருக்கு வந்து இறங்கியிருக்கிற மக்கமாரே, மருமக்கமாரே, சித்த நேரம் இப்படித் திண்ணையில உக்காருங்க. பணங்காசு கேக்க மாட்டேன். வயக்காட்டுப் பங்கைப் பத்திப் பேச்சும் எடுக்க மாட்டேன். ஒரு சின்ன வஸ்து வேணும், அதைக் கடைசியில கேக்கேன். அதுக்கு முன்னால கலர்ப் பென்சில் விவகாரம் ஒண்ணு இருக்கு. அதைப் பேசித் தீக்கணும்.

நேத்து ராத்திரி 11 மணி இருக்கும். ஒண்ணுக்குப் போக எந்திரிச்சேன். அடுக்களையில வெளிச்சம். பூனையா இருக்கும்னு கம்பை எடுத்துக்கிட்டுப் போய்ப் பாத்தா, நம்ம சின்ன மருமக தரையில குப்புறப் படுத்துக் கிறிஸ்மஸ் தாத்தாவுக்குச் சட்டை தீட்டிக்கிட்டு இருக்கா. ரெண்டாங் கிளாஸ் படிக்கிற பேத்தி, அங்கன பாயில வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்குது.

"யாத்தா, லீவுப் பாடம் உனக்கா, பிள்ளைக்கா?"ன்னு கேட்டேன்.

"பேசாமப் போய்ப் படுங்க மாமா. 20 ஷீட் குடுத்து விட்டிருக்காங்க. இவ மானுக்குப் பச்சை அடிச்சு வச்சிருக்கா. இதுல உங்களால வந்த வினை வேற"ன்னா.

என்னால என்ன வினைன்னு கேக்காதிய. அது பின்னால வரும். மானுக்குப் பச்சை அடிச்சா என்ன? மான் வந்து கேஸா போடப் போகுது?

நிறத்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும்னு கேப்பிய. நான் நாப்பது வருசம் வெள்ளையடிச்சவன். தாமிரபரணிக்கு இந்தப் பக்கம், டிசம்பர் பிறந்தா முதல்ல வேதக்கோயில் வேலை. அது முடிஞ்சு கையைக் கழுவுறதுக்குள்ள மார்கழி பிறந்துரும். பொங்கலுக்கு வீடு வீடாக் கூப்பிடுவாவ. சுண்ணாம்பு இருக்கு பாருங்க, அது ஒரு கள்ளச் சவம். ஈரத்துல அடிக்கும்போது ஒண்ணுமே தெரியாது. பழைய கறை பூரா உள்ளே இருந்து இளிக்கும். வீட்டுக்காரம்மா பாத்துட்டு, "தண்ணியைத்தான் அடிச்சிருக்கான் கிழவன்"னு சண்டைக்கு வருவா. ராத்திரி காஞ்சுரும். காலையில சுவரைப் பாத்துட்டு அவளே காப்பி கொண்டாந்து குடுப்பா. ஈரத்துல ஒரு நிறம், காஞ்சா ஒரு நிறம். இதை ஞாபகத்துல வச்சிக்கிடுங்க, பின்னால தேவைப்படும்.

இனிமேச் சொல்லப்போற கதைக்கு மட்டும் நான் பொறுப்பில்லை. நம்ம தெருக்கோடியில ரிட்டையர் வாத்தியார் ஒருத்தர் இருக்காருல்லா, அவர் வீட்டுக்கு வெள்ளையடிச்சா பாதிக் கூலி பணம், பாதிக் கூலி கதை. பணம் அன்னைக்கே தீந்துபோச்சு. கதைதான் கையிருப்பு.

பேத்தி கொண்டுவந்த முதல் ஷீட்டுல கிறிஸ்மஸ் தாத்தா. கீழே கட்டம் கட்டி, 'கோட்டைத் தாண்டாமல் சிவப்பு வண்ணம் தீட்டுக'ன்னு போட்டிருக்கு. அந்த ஆளு ஆதியில தாத்தாவே இல்லை. நாலாம் நூற்றாண்டுல மைராங்கிற ஊர்ல இருந்த நிக்கலஸ்னு ஒரு ஆயர். அந்த ஊரு இப்ப துருக்கியில இருக்கு, டெம்ரேன்னு பேரு. கடலோரம். தக்காளி விளையிற பூமி. பனிச்சறுக்கு வண்டியும் கிடையாது, கலைமானும் கிடையாது. மூணு கொமரை வச்சுக்கிட்டுச் சீர் செய்ய வழியில்லாமக் கிடந்த ஒரு தகப்பன் வீட்டு ஜன்னல் வழியா, ராத்திரியோட ராத்திரியாப் பொன்முடிப்பை எறிஞ்சிட்டுப் போனார்னு அவரைப் பத்திக் கதை. நம்ம பக்கம் 'கொமரைக் கரையேத்துன புண்ணியவான்'னு சொல்லுவோம்லா, அந்த வகை. ஆனா நம்ம ஊர்ப் புண்ணியவான் 51 ரூவா மொய் எழுதினாலே மைக்குல பேரு சொல்லச் சொல்லுவான். அந்த மனுசன் மூஞ்சியைக் காட்டாமப் போயிருக்கார்.

அப்படிப்பட்டவர் அமெரிக்காவுக்குப் போய்ச் சேந்த பொறவு சட்டை மாறிப்போச்சு. 1863 ஜனவரி. அங்க உள்நாட்டுச் சண்டை நடக்கு. தாமஸ் நாஸ்டுன்னு ஒரு கார்ட்டூன்காரர், 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' பத்திரிகையில இவருக்கு நட்சத்திரமும் பட்டையும் போட்ட கொடிச் சட்டையை மாட்டிப் பட்டாளத்துக் கூடாரத்துக்கு அனுப்பி வச்சுட்டார். பொறவு 1931ல கொக்கோகோலாக் கம்பெனி விளம்பரத்துக்கு ஹேடன் சண்ட்பிளாம்னு ஒருத்தர் வரைய ஆரம்பிச்சார். கொழுகொழுன்னு கன்னம், பஞ்சு வச்ச சிவப்புச் சட்டை, பெரிய பெல்ட்டு. கோலாக்காரந்தான் தாத்தாவுக்குச் சிவப்படிச்சான்னு சிலபேர் சொல்லுவாவ. அது சரியில்லை. அதுக்கு முன்னாலயே சிவப்புல வந்திருக்கார், பச்சையிலயும் பழுப்புலயும்கூட வந்திருக்கார். சண்ட்பிளாம் முதல்ல ஒரு கூட்டாளியை உக்கார வச்சு வரைஞ்சாராம். அந்தக் கூட்டாளி செத்துப்போன பொறவு கண்ணாடியில தன் மூஞ்சியவே பாத்து வரைஞ்சுட்டார்.

ஆக, ஒரு ஆயரு, ஒரு கொடிச் சட்டை, ஒரு சோடாக் கம்பெனி, கண்ணாடியில தெரிஞ்ச ஒரு மூஞ்சி. இத்தனை கோட்டைத் தாண்டி வந்தவரைத்தான் பிள்ளைய கோட்டைத் தாண்டாமத் தீட்டணுமாம். நல்லா இருக்குடே நியாயம்!

ரெண்டாவது ஷீட்டு அந்தப் பச்சை மான். மூக்கு மட்டும் சிவப்பு. பேரு ருடால்ஃப். இந்த மான் எப்படிப் பொறந்துச்சுன்னு தெரிஞ்சா மருமக ராத்திரி கண்ணு முழிச்சிருக்க மாட்டா. சிகாகோவுல மாண்ட்கோமரி வார்டுன்னு பெரிய கடை. கிறிஸ்மஸுக்குக் கடைக்கு வாற பிள்ளையளுக்கு வருசா வருசம் கலரடிக்கிற பொஸ்தகத்தை வெளியில விலைக்கு வாங்கி இனாமாக் குடுத்துக்கிட்டு இருந்தாவ. 1939ல கடைக்காரவுக மூளைக்கு, 'எதுக்கு வெளியில வாங்கணும், நாமளே ஒண்ணு அச்சடிச்சாச் செலவு மிச்சமாகுமே'ன்னு பட்டிருக்கு. ராபர்ட் மேன்னு விளம்பரம் எழுதுற ஆளைக் கூப்பிட்டு, 'ஒரு கதை எழுது'ன்னாவ. அவர் சிவப்பு மூக்கு மானைக் கொண்டாந்தார். மேலதிகாரிக்குத் திக்குன்னு ஆயிட்டு. ஏன்னா அந்த ஊர்லயும் மூக்கு சிவந்திருந்தா குடிகாரன்னு அர்த்தம். பிள்ளையளுக்குக் குடிகார மானையா குடுக்கன்னு யோசிச்சிருக்காவ. ராபர்ட் மே விடலை. கூட வேலை பாத்த ஓவியரை மிருகக்காட்சிச் சாலைக்கு இழுத்துக்கிட்டுப் போயி, மானை நேர்ல பாத்து அழகா வரைய வச்சு, காட்டிச் சம்மதிக்க வச்சுட்டார். அந்த ஒரு வருசத்துல மட்டும் 24 லட்சம் பொஸ்தகம் குடுத்தாவளாம்.

கலரடிக்கிற பொஸ்தகத்துக்குக் காசு மிச்சம் பிடிக்கப் போயிப் பொறந்த மான் அது. அதுக்கு என்ன நிறம் அடிச்சாலும் தகும்.

இன்னொண்ணும் வாத்தியார் சொன்னார். கலைமான்ல ஆணுக்கும் கொம்பு உண்டு, பொண்ணுக்கும் உண்டு. ஆனா வளந்த கெடாமானுக்குக் குளிர் ஏறும்போது கொம்பு விழுந்துரும். பொட்டைமானுக்குத்தான் பனி முடியிற வரைக்கும் நிக்கும். அப்போ டிசம்பர் 24 ராத்திரி கொம்போட வண்டி இழுக்குறது பெரும்பாலும் பொம்பளை மானாத்தான் இருக்கணும். பேரு மட்டும் ருடால்ஃபு. வேலை யாரு பாக்குறது, பேரு யாருக்குப் போகுதுங்கிற கணக்கை உங்கம்மைகிட்டக் கேளுங்க, அரை மணி நேரம் சொல்லுவா.

பேத்தி அந்த மானுக்குக் கண்ணு நீலமா அடிச்சிருந்தா. மருமக ரப்பரை வச்சுத் தேய்தேய்னு தேச்சு அழிச்சுட்டா. கலைமான் கண்ணுக்குள்ள, பின்பக்கம் ஒரு பளபளப்புத் திரை இருக்காம். கோடையில அது பொன்னு மாதிரி மின்னும், குளிர்காலத்து இருட்டுல நீலமா மாறிருமாம். வெள்ளைக்கார ஆராய்ச்சிக்காரவுக கண்டுபிடிச்சு எழுதியிருக்காவ. பிள்ளை எதையும் படிக்காமச் சரியா அடிச்சிருக்கு. படிச்ச தாய் அழிச்சுட்டா. நான் ஒண்ணும் சொல்லலை. எனக்கு மூணு நேரச் சோறு அந்த வீட்டுலதான்.

இப்ப பனிக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச ஷீட்டு அதுதான். நான் வாழ்நாள்ல பனிக்கட்டி விழுந்து பாத்ததில்லை. நமக்குப் பனின்னா வைக்கப்படப்பு மேல படியிற ஈரம், தலையில துண்டு, மூக்குல தண்ணி. அந்த ஷீட்டுல பூ மாதிரி ஒரு பனித்துகள் வரைஞ்சு, எட்டு கை போட்டிருந்தான். வாத்தியார் பாத்துட்டுச் சிரிச்சார். பனித்துகளுக்கு எட்டுக் கை கிடையாது, ஆறுதான். 1611லயே கெப்ளர்ங்கிற வானசாஸ்திரி, பிராகு பட்டணத்துல, பனித்துகள் ஏன் எப்பவும் ஆறு மூலையா விழுதுன்னு மண்டையை உடைச்சு ஒரு சின்னப் பொஸ்தகம் எழுதி, அதையே புதுவருசப் பரிசாத் தன்னை ஆதரிச்ச பெரிய மனுசனுக்குக் குடுத்தாராம். (பரிசு வாங்கக் காசில்லாட்டா இப்படியும் ஒரு வழி இருக்கு, குறிச்சு வச்சிக்கிடுங்க.) பொறவு அமெரிக்காவுல ஜெரிக்கோங்கிற குக்கிராமத்துல வில்சன் பென்ட்லின்னு ஒரு சம்சாரி. மாடு கன்னு, பால் வியாபாரம்னு இருந்த ஆளு. நுண்ணோக்கியையும் கேமராவையும் சேத்துக் கட்டி, 1885 ஜனவரி 15ல ஒத்தைப் பனித்துகளைப் படம் பிடிச்சுட்டான். ஆயுசு பூரா 5000க்கு மேல பிடிச்சிருக்கான். அதுல பெரும்பாலும் ஆறு பக்கக் கணக்குத்தான். தண்ணி உறையும்போது அதோட அணுக்கூட்டம் ஆறு மூலைக் கட்டமாத்தான் கைகோத்து நிக்குமாம், அதனால வெளியில தெரியிற பூவும் ஆறு.

இதைக் கேட்டதும் நான் வாத்தியாரை நம்ம வாசலுக்குக் கூட்டியாந்தேன். உங்கம்மை அன்னைக்குக் காலையில போட்டிருந்த கோலத்தைக் காட்டினேன். 7 புள்ளி, 4 வரைக்கும் ஊடுபுள்ளி.

சென்னையில ஸ்டிக்கர் ஒட்டுற பிள்ளையளுக்கு விளங்காது, சொல்லுதேன். நடுவுல 7 புள்ளி. மேலயும் கீழயும் 6, 5, 4. ஒவ்வொரு வரிசைப் புள்ளியும் முந்தின வரிசையில ரெண்டு புள்ளிக்கு இடையில விழணும், அதான் ஊடுபுள்ளி. நேருக்கு நேர் விழுந்தா அது நேர்ப்புள்ளி, அதுல சதுரம்தான் வரும். ஊடுபுள்ளியில தன்னால ஆறு மூலை வந்துரும். மொத்தம் 37 புள்ளி. அதைச் சேத்தா நட்சத்திரம். ஒரு பனித்துகளைத் தரையில பெருசாக்கி வச்ச மாதிரி இருந்துச்சு. பனியே பாக்காத பொம்பளை, விடியக்காலம் அஞ்சு மணிக்குச் சாணி தெளிச்ச வாசல்ல, குனிஞ்ச இடுப்பு நிமிராம அதைப் போட்டிருக்கா. பொங்கலன்னைக்கு 15 புள்ளி, 8 வரைக்கும் போடுவா, 169 புள்ளி. நான் எண்ணிப் பாத்தேன். எண்ணுற நேரத்துல ஒரு குடம் தண்ணி எடுத்திருக்கலாம்னு திட்டு வாங்கினேன், அது வேற கதை.

தாம்பரத்துச் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில கிஃப்ட் சிரோமணின்னு ஒரு கணக்குப் பேராசிரியர் இருந்தார். 1970கள்ல அவரும் கூட இருந்தவுகளும் இந்தக் கோலத்தை எடுத்து வச்சு, கம்ப்யூட்டர் பாசைக்கு இலக்கணம் எழுதுற மாதிரி இதுக்கும் எழுதியிருக்காவ. உங்கம்மைகிட்ட, 'நீ போடுறது கம்ப்யூட்டர் பாசையாம்'னு சொன்னேன். 'அப்போ கம்ப்யூட்டரையே வந்து வாசல் தெளிக்கச் சொல்லுங்க'ன்னுட்டா.

நான் என்ன கேக்கேன்னா, அந்த எட்டுக் கை ஷீட்டு எதுக்கு? கோடு எவனோ போட்டு அனுப்புதான், அதுவும் தப்பாப் போட்டு. பிள்ளை உள்ளே ரொப்பணும், தாண்டுனா மார்க்கு போயிரும். வாசல்ல பாருங்க. புள்ளியும் பிள்ளையே வைக்கும், கோடும் அதே இழுக்கும், நிறமும் அதே போடும். தப்பிப்போனா காலால தேச்சு அழிச்சிட்டு, மறுபடியும் போடும். சாயங்காலத்துக்குள்ள சைக்கிள் ஏறிரும், ஆடு மிதிச்சிரும். அரிசி மாவா இருந்தா எறும்பு இழுத்துட்டுப் போயிரும். அதுக்காக எந்தப் பிள்ளையும் அழுது நான் பாத்ததில்லை. நீங்கதான் ஒரு காய்ஞ்ச தாத்தாப் படத்தை லாமினேட் பண்ணி பிரிட்ஜ் மேல ஒட்டி வச்சு, மூணு வருசமா எடுக்காம இருக்கிய.

பெட்டியில வெள்ளைக் கிரையான் எப்பவும் புதுசாவே கிடக்குல்லா? எந்தப் பிள்ளையும் தொடாது. வெள்ளைத் தாள்ல வெள்ளை எடுபடாது. அதைத் தூக்கி எறியாதிய. திண்ணைச் சிமெண்டுத் தரையைக் காட்டி விடுங்க. பிள்ளைய ஆளுக்கொரு பனித்துகளாப் போடட்டும். பொறவு தரையைக் கழுவுற வேலை எனக்குன்னு உங்கம்மை சொல்லுவா. சொல்லட்டும்.

ஐஸ்லாந்துன்னு ஒரு ஷீட்டு. அங்க ஒரு தாத்தா இல்லை, 13 தடிப்பயலுவ. மலையில கிரிலான்னு ஒரு ராட்சசி, அவ பெத்த மக்க. டிசம்பர் 12ல இருந்து ராத்திரிக்கு ஒருத்தனா இறங்கி வருவானுவ. ஒருத்தன் கரண்டியை நக்குவான். ஒருத்தன் சட்டியைச் சுரண்டித் தின்பான். ஒருத்தன் கதவைப் படார்னு சாத்திட்டு ஓடுவான், வேற சோலி கிடையாது. கடைசிப் பய மெழுகுவத்தி திருடுவான். இதைப் பேத்தி வாசிச்சதும் உங்கம்மை, "இதுல என்ன அதிசயம்? நம்ம வீட்டுல நாலையும் நான் ஒருத்தியே பெத்தேன்"னா. மக்கமாரே, தலையைக் குனியாதிய, ஒங்களைத்தான்.

அந்தப் பிள்ளைய ஜன்னல்ல செருப்பை வச்சிட்டுத் தூங்குவாவளாம். ஒழுங்கான பிள்ளைக்குப் பரிசு, சேட்டைக்காரப் பிள்ளைக்கு அழுகுன உருளைக்கிழங்கு. போதாததுக்கு ஒரு பூதாகாரப் பூனை உண்டு, கிறிஸ்மஸுக்குப் புதுத்துணி போடாத ஆளைப் பிடிச்சுத் தின்னுரும். பொங்கலுக்குச் சட்டை வேணும்னு கேட்டு அழுத பிள்ளையளை நாம பூச்சாண்டிகிட்டப் பிடிச்சுக் குடுப்போம்னோம். ஐஸ்லாந்துக்காரன் சட்டை எடுத்துக் குடுக்காட்டாப் பூனைகிட்டக் குடுப்பேன்னிருக்கான். எது நல்ல சட்டம்னு பிள்ளையளைக் கேளுங்க. பயமுறுத்தல் அளவு மீறிப்போயி, 1746ல, இந்தத் தடியனுவளைச் சொல்லிப் பிள்ளையளை மிரட்டக் கூடாதுன்னு அரசாங்கமே உத்தரவு போட்டிருக்கு. அப்படி ஒரு உத்தரவு நம்ம ஊர்ல வந்தா, ஒரு பிள்ளைக்கும் சோறு இறங்காது.

அடுத்த ஷீட்டு ஸ்வீடன். அங்க யாவ்லேன்னு ஒரு ஊரு. 1966ல இருந்து வருசா வருசம் கிறிஸ்மஸ் காலத்துல ஊர்ச் சதுக்கத்துல வைக்கோல்ல ஒரு ராட்சச ஆட்டுக்கெடா கட்டி நிப்பாட்டுதாவ, மூணு மாடி உயரத்துக்கு. பல வருசம் எவனாவது ராத்திரி வந்து கொளுத்திட்டுப் போயிருக்கான். முதல் வருசமே கொளுத்திட்டானுவ. 2016ல திறந்து வச்ச அன்னைக்கே போச்சு. காவல் போட்டும் எரிஞ்சிருக்கு. வைக்கோலைக் கூட்டிக் கட்டி வச்சுட்டு எரியாம இருக்கணும்னு நினைக்கிறது என்ன புத்தியோ. எங்ககிட்ட விட்டிருந்தா போகிக்குன்னு ஒரு நாளைக் குறிச்சு, சொந்தக்காரனே கொளுத்திச் சோலியை முடிச்சிருப்போம்.

பேத்தி கேட்டா: "ஏன் தாத்தா, நம்ம ஊர்ல குளிர்காலத்துக்குக் கதை கிடையாதா?" அந்த 20 ஷீட்டுல நம்ம வாசலுக்கு ஒரு ஷீட்டு இல்லை பாத்தியளா, அதனால கேட்டிருக்கு.

வா தாயின்னு காலையில வாசலுக்குக் கூட்டிப்போனேன். கோலத்துக்கு நடுவுல சாணி உருண்டை, அது உச்சியில மஞ்சளாப் பூசணிப்பூ. இதுக்கு ஆளுக்கொரு கதை உண்டு. பாரதச் சண்டை மார்கழியில நடந்துச்சு, பாண்டவமாருக்காகப் போன வீரனுவ வீட்டுக்கு அடையாளமா வாசல்ல பூ வச்சாவன்னு ஒரு கதை. அந்த வீட்டுல கல்யாணத்துக்குக் கொமரு இருக்குன்னு தெருவுக்குச் சொல்லாமச் சொல்லுறதுன்னு இன்னொரு கதை. மார்கழியில கல்யாணம் பேச மாட்டாவ, இது பீடை மாசம்னு ஒரு கூட்டம் சொல்லும். இல்லை, பீடுடைய மாசம், சாமிக்குன்னு ஒதுக்குனதுன்னு இன்னொரு கூட்டம் சொல்லும். மார்கழியில பூவைப் பாத்து வச்சிக்கிட்டாத் தை பிறந்ததும் நேரே பொண்ணு கேக்கப் போயிரலாம்லா. நான் அப்படித்தான் ஒரு வாசல்ல பூவைப் பாத்தேன். பொறவுதான் தெரிஞ்சுது, அது பக்கத்து வீட்டுப் பிள்ளை இடம் பத்தாம இங்கன வச்ச பூவு. ஆனாலும் முடிஞ்சது முடிஞ்சதுதான். உங்கம்மை அங்கன நின்னு கேக்கா, இதோட நிப்பாட்டுதேன்.

அந்தச் சாணி உருண்டையைச் சாயங்காலம் எடுத்து, பூவோட சேத்து வரட்டியாத் தட்டுவாவ. பூ எருன்னு பேரு. மாசம் பூராச் சேரும். தையில சிறுவீட்டுப் பொங்கல் வரும்லா, நம்ம நெல்லைச் சீமையில பொட்டப்பிள்ளையளுக்குன்னே உள்ள பொங்கல். முத்தத்துல களிமண்ணைக் குழைச்சு ஒரு குட்டி வீடு கட்டுவாவ. முழங்கால் உயரம் இருக்கும். அதுக்கு வாசல் உண்டு, அடுக்களை உண்டு, திண்ணைகூட உண்டு. அந்த வீட்டுக்கும் வெள்ளையடிக்கணும், காவிப்பட்டை போடணும். பெரிய வீட்டுக்கெல்லாம் நார்மட்டையைத் தூக்கிக்கிட்டு ஏணியில ஏறுற எனக்கு, அன்னைக்கு மட்டும் கட்டை விரல் தண்டிக்கு ஒரு பிரஷ்ஷு. மேஸ்திரிமாரு பூராவும் ஏழு வயசு, எட்டு வயசு. "தாத்தா, இங்கன விட்டுப்போச்சு. அங்கன ஒழுகுது"ன்னு அதட்டுவாளுவ. கூலி ரெண்டு கரண்டிப் பொங்கல். குட்டிப் பானையில அவளுவளே பொங்கினது, அடியில பிடிச்சிருக்கும். முடிச்சிட்டுப் பொங்கலையும் பூ எருவையும் ஆத்துக்குக் கொண்டுபோயித் தண்ணியில விட்டுட்டு வருவாவ. எழுபது வயசுக் கிழவியளும் அந்தப் பேச்சை எடுத்தா இப்பவும் தன் சிறுவீட்டுக்குச் சன்னல் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு சொல்லும்.

சின்ன மருமகளே, தை வரைக்கும் லீவு நீளாது, தெரியும். ஒரு சனி, ஞாயிறு பாத்துப் பிள்ளையைக் கொண்டாந்து விடு. களிமண்ணு நான் எடுத்து வைக்கேன். நீ மட்டும் ராத்திரி எந்திரிச்சு அந்தச் சிறுவீட்டைக் கட்டி முடிச்சு வச்சிராத, அவ்வளவுதான்.

சரி, என்னால வந்த வினைக்கு வருவோம்.

1903ல அமெரிக்காவுல கிரையோலான்னு ஒரு கிரையான் பெட்டி முதல்ல கடைக்கு வந்தப்ப 8 நிறம், விலை 5 சென்டு. நம்ம பிள்ளைய பெட்டியில 48 நிறம் இருக்கு. ஆனா டிசம்பர் மாசத்துல எல்லாத்துக்கும் வேண்டியது ஒரே ஒரு சிவப்பு. தாத்தா சட்டைக்குச் சிவப்பு, தொப்பிக்குச் சிவப்பு, மான் மூக்குக்குச் சிவப்பு. மூணு நாளைக்கு முன்னால பாதிச் சட்டையிலயே சிவப்பு தீந்துபோச்சு. பெரியவன் மக ஒளிச்சு வச்சிருக்கான்னு இவ சொல்ல, இவ தின்னுட்டான்னு அவ சொல்ல, ஒரே அழுகை. கடைக்குப் போக பஸ்ஸு சாயங்காலந்தான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். நாப்பது வருசத்து வித்தை விடலை. அடுக்களையில இருந்து மஞ்சத்தூள் ஒரு கரண்டி எடுத்துத் தண்ணியில கலக்கினேன். என் வெத்தலைச் செல்லத்துல இருந்து சுண்ணாம்பை ஒரு தொடு தொட்டு அதுல விட்டேன். "கண்ணை இதுல வையி, கையை வைக்காத"ன்னு சொல்லி முடிக்கல, மஞ்சள் சடார்னு ரத்தச் சிவப்பாயிட்டு. பிள்ளைய வாயைப் பொளந்துட்டாவ. ஆரத்தி எடுக்கையில பாத்த அதே சிவப்புத்தான், ஆனா பக்கத்துல உக்காந்து அது மாறுறதைப் பாக்கணும். பொறவு அதுல பாதியை எடுத்து எலுமிச்சம்பழம் பிழிஞ்சேன். திரும்பவும் மஞ்சள். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு, திரும்பவும் சிவப்பு. அடுத்த அரை மணி நேரம் எவளும் கிரையானைத் தேடலை. கரித்துண்டு எடுத்தாந்து பூட்ஸுக்கு அடிச்சாளுவ. கோவை இலையைக் கசக்கி மரத்துக்குத் தேச்சாளுவ. மான் பச்சையானதும் அப்பத்தான், அதுலயும் எனக்குப் பங்கு உண்டு. பேத்தி பஞ்சைத் தொட்டுத் தாத்தா சட்டை பூரா என் சிவப்பை அப்பினா. தகதகன்னு இருந்தார். கோலாக்காரன் பாத்தா வேலைக்கு எடுத்திருப்பான்.

ஈரத்துல ஒரு நிறம், காஞ்சா ஒரு நிறம்னு உங்ககிட்டச் சொன்னேனே, அதை நான் அவகிட்டச் சொல்ல மறந்துட்டேன். சுண்ணாம்புக் காரம் காத்துப்படக் காத்துப்பட இறங்கிரும். காரம் இறங்குனா அந்தச் சிவப்பு நிக்காது. நேத்துக் காலையில பாத்தா, கிறிஸ்மஸ் தாத்தா சட்டை திட்டுத்திட்டாப் பழுப்பு அடிச்சு, மிச்சம் பூராவும் மஞ்சள். அதைப் பாத்துட்டுத்தான் மருமக பஸ் ஏறிப் போயிப் புதுப் பெட்டி வாங்கியாந்து, வேற ஒரு தாள்ல தாத்தாவை வரைஞ்சு, ராத்திரி 11 மணிக்குச் சட்டை தீட்டினது.

இன்னைக்குக் காலையில மருமக, பேத்தி முன்னால ரெண்டு தாத்தாவையும் வச்சா. கோட்டைத் தாண்டாத சிவப்புத் தாத்தா ஒண்ணு, எல்லாத்தையும் தாண்டுன மஞ்சள் தாத்தா ஒண்ணு. "எதை மிஸ்ஸுகிட்டக் கொண்டுபோப்போற?"ன்னு கேட்டா.

பிள்ளை ரொம்ப நேரம் பாத்துச்சு. "அம்மா, இது நீ வரைஞ்சது. உனக்குத்தான் மார்க்கு. என் தாத்தாவுக்குக் கோயில் கொடை முடிஞ்சு மஞ்சத்தண்ணி ஊத்தியிருக்காவ"ன்னு சொல்லி, மஞ்சத் தாத்தாவை எடுத்துப் பைக்குள்ள வச்சிக்கிட்டா.

மருமக ஒரு வார்த்தை பேசலை. என்னை ஒரு பார்வை பாத்தா. உள்ளே போயிட்டா.

அதுல இருந்து நானும் தேடுதேன். செல்லத்துல வெத்தலை இருக்கு, பாக்கு இருக்கு, பாக்குவெட்டி இருக்கு. சுண்ணாம்பு டப்பாவை மட்டும் காணோம். யாருகிட்டயாவது ஒரு விரல் இருந்தாக் குடுங்கடே, வாய் நமநமங்குது. அவகிட்டச் சொல்லிராதிய.